புளோரன்ஸ் நைற்றிங்கேல் (1820 - 1910): தாதியர் முகாமைத்துவமும் வைத்தியசாலைப் பதிவேடுகளும்

மாணவர்களே, புளோரன்ஸ் நைற்றிங்கேல் பற்றி எழுதும்படி கேட்டால் உங்களுள் பெரும்பாலானோர் விளக்கேந்திய சீமாட்டி என்று தொடங்கி, இரவில் விளக்குடன் சென்று காயமடைந்த போர்வீரரைப் பார்வையிட்டார் என்று எழுதி, இரண்டு பந்திகளில் முடித்துவிடுவீர்கள். அது பிழையன்று. ஆனால் அந்த விடை அவருடைய வாழ்வில் இரண்டு வருடங்களுக்கும் குறைந்த காலத்தையே கூறுகின்றது. அவர் வாழ்ந்தது 90 வருடங்கள். போர்க்களத்திலிருந்து திரும்பியபோது அவருக்கு வயது 36. எஞ்சிய 54 வருடங்களில் அவர் விளக்கைத் தூக்கவில்லை. பேனாவையும் படிவங்களையும் எண்களையுமே கையாண்டார். தலைமைத்துவம், முகாமைத்துவம், சுகாதாரத் தகவல் ஆகிய அலகுகளைப் படிக்கும் நீங்கள் அந்தப் பகுதியைத்தான் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும்.

வீடும் விருப்பமும்

புளோரன்ஸ் 1820 மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். செல்வந்தரான அவருடைய ஆங்கிலேயப் பெற்றோர் திருமணத்தின் பின் ஐரோப்பாவில் நீண்ட பயணம் மேற்கொண்டிருந்த காலம் அது. பிறந்த நகரின் பெயரையே மகளுக்கு இட்டனர். முந்திய வருடம் நேப்பிள்ஸ் நகரில் பிறந்த மூத்த மகளுக்கு அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப்பி என்ற பெயரை இட்டிருந்தனர். (தப்பியவர் இளையவர்தான் என்று நீங்கள் சிரிக்கலாம்.) குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி டார்பிஷயரிலும் ஹம்ஷயரிலும் இருந்த இரண்டு பெரிய வீடுகளில் மாறிமாறி வாழ்ந்தது.

அக்காலத்தில் ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு மூடப்பட்டிருந்தன. கேம்பிரிட்ஜில் கற்ற தந்தையார் வில்லியம் தாமே ஆசிரியராகி இரு மகள்மாருக்கும் கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியன் ஆகிய மொழிகளையும் வரலாற்றையும் மெய்யியலையும் கற்பித்தார். புளோரன்சுக்குக் கணிதத்திலேயே பெருவிருப்பு. ஒரு சீமாட்டிக்குக் கணிதம் எதற்கு என்பது தாயாரின் எண்ணம். பல நாள் வேண்டிக்கொண்ட பின்னரே கணிதம் கற்க அவருக்கு ஆசிரியர் கிடைத்தார்.

17ஆவது வயதில், தன்னை இறைவன் ஒரு பணிக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். அந்தப் பணி நோயாளர் பராமரிப்பு என்று தெளிவாகச் சில வருடங்கள் சென்றன. 1845இல் சொல்ஸ்பரி நகர வைத்தியசாலையில் சில மாதங்கள் தங்கிப் பயிற்சி பெற அனுமதி கேட்டார். வீட்டார் அதிர்ந்துபோனார்கள். அவர்களை முற்றாகக் குறைகூற முடியாது. அன்றைய வைத்தியசாலைகள் வசதியற்ற ஏழைகள் செல்லும் இடங்கள். வசதியுள்ளோர் வைத்தியரை வீட்டுக்கே அழைத்தனர். தாதி என்போர் பயிற்சியோ கல்வியோ இல்லாதவர். குடிப்பழக்கம் உள்ளவர் என்ற பெயரும் அவர்களுக்கு இருந்தது. மறுப்பைக் கேட்ட புளோரன்ஸ் வீட்டைவிட்டு ஓடவில்லை. வீட்டார் எழுவதற்கு முன் அதிகாலையில் மெழுகுதிரி வெளிச்சத்தில் பாராளுமன்ற அறிக்கைகளையும் வைத்தியசாலை அறிக்கைகளையும் படித்துக் குறிப்பெடுத்தார். ஐரோப்பிய வைத்தியசாலைகள் பற்றி அவரளவு அறிந்தவர் இங்கிலாந்தில் சிலரே இருந்த நிலை இவ்வாறு உருவாயிற்று.

1849இல், பல வருடங்கள் காத்திருந்த ரிச்சர்ட் மொங்ரன் மில்ன்ஸ் என்பவரைத் திருமணம் செய்ய மறுத்தார். 1850இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த் என்னும் இடத்திலிருந்த வைத்தியசாலையைப் பார்வையிட்டு, 1851இல் அங்கே மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றார். 1853 ஓகஸ்ட் மாதம் இலண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய நிறுவனத்தின் மேற்பார்வையாளரானார். சம்பளம் இல்லை, தந்தையார் வருடம் 500 பவுண் கொடுத்தார். வேலையேற்றவுடன் அவர் கேட்டவற்றைப் பாருங்கள்: ஒவ்வொரு மாடிக்கும் குழாய்வழி வெந்நீர், நோயாளி அழைத்தால் எந்தக் கட்டிலிலிருந்து என்று காட்டும் மணி, சாப்பாட்டைச் சமையலறையிலிருந்து மேலே ஏற்றும் பாரந்தூக்கி. தாதி படியேறி இறங்குவதில் கழிக்கும் நேரம் நோயாளிக்குக் கிடைக்காத நேரம் என்று அவர் கணக்கிட்டார். எல்லா மதத்தவரையும் அனுமதிக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவுடன் வாதாடி அதையும் பெற்றுக்கொண்டார்.

ஸ்குட்டாரி

1854 மார்ச்சில் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கிக்குத் துணையாக ரஷ்யாவுக்கு எதிராகப் போரில் இறங்கின. போர்க்களம் கருங்கடலின் வடகரையிலுள்ள கிரிமியாக் குடாநாடு. பிரித்தானியரின் தலைமை வைத்தியசாலை கடலுக்கு இப்பால், கொன்ஸ்தாந்திநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) நகரின் எதிர்க்கரையில் ஸ்குட்டாரி என்னும் இடத்தில், துருக்கியர் கொடுத்த பெரிய படைமுகாம் ஒன்றில் இயங்கியது. காயமடைந்தோரும் நோயுற்றோரும் கப்பலில் ஏற்றிவரப்பட்டனர். அங்கு மருந்து கட்டும் துணி கூட இல்லை என்று த டைம்ஸ் பத்திரிகை எழுதியதும் நாடே கொதித்தது. போர்ச் செயலாளர் சிட்னி ஹேர்பேட் புளோரன்சின் நண்பர். தாதியர் குழுவொன்றுக்குத் தலைமை தாங்கிச் செல்லும்படி அவர் கேட்டார். 1854 ஒக்ரோபர் 21ஆம் திகதி 38 பெண்களுடன் புறப்பட்ட புளோரன்ஸ் நவம்பர் 4ஆம் திகதி ஸ்குட்டாரியை அடைந்தார்.

அங்குள்ள இராணுவ வைத்தியர்கள் பெண்களை விரும்பவில்லை. இங்கே அவர் எடுத்த முடிவு தலைமைத்துவத்துக்கு நல்ல உதாரணம். வைத்தியர் அழைக்கும்வரை எந்தத் தாதியும் நோயாளியைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டார். கண்முன்னே வீரர்கள் துன்புற, தாதியர் துணி தைத்துக்கொண்டும் மருந்துகட்டும் துண்டுகளை மடித்துக்கொண்டும் இருந்தனர். தாதியர் சிலரே அவரைக் கல்நெஞ்சக்காரி என்று கருதினர். ஆனால் சில நாட்களுள் இங்கர்மன் சமரில் காயமடைந்தோர் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதும் வைத்தியர்கள் தாமாகவே உதவி கேட்டார்கள். வலிந்து நுழைந்திருந்தால் அடுத்த கப்பலிலேயே அவர்களைத் திருப்பியனுப்பியிருப்பார்கள்.

அடுத்த பிரச்சினை களஞ்சியசாலை. பொருட்கள் பல சந்தர்ப்பங்களில் வந்து சேர்ந்தே இருந்தன. எனினும் உரிய அலுவலர் ஒப்பமிடாமல், உரிய குழு கூடிப் பார்வையிடாமல் பெட்டியைத் திறக்க முடியாது. நோயாளி சட்டையின்றிக் கிடப்பார்; சட்டைகள் பூட்டிய அறையில் கிடக்கும். புளோரன்சிடம் டைம்ஸ் பத்திரிகை வாசகர் திரட்டிய நிதியும் சொந்தப் பணமும் இருந்தன. அவர் சந்தையில் வாங்கினார். சட்டை, துவாய், சவர்க்காரம், கரண்டி, சமையற் பாத்திரம் எல்லாம் வாங்கினார். வீடொன்றை வாடகைக்கு எடுத்துக் கொதிகலன் பொருத்தி, வீரர்களின் மனைவிமாரைக் கொண்டு துணி தோய்ப்பித்தார். இரவு விளக்குடன் வாட்டுகளைச் சுற்றிவந்ததும் உண்மையே. ஆயினும் அந்த நாளின் மிகுதி நேரத்தில் அவர் ஒரு களஞ்சியப் பொறுப்பாளராகவும் இலிகிதராகவுமே வேலை செய்தார் என்பதை மறக்கவேண்டாம். இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதியதும் அவரே.

அதிகாரம் பற்றிய சண்டையும் இருந்தது. அவரைக் கேளாமலே டிசெம்பரில் மேலும் ஒரு தாதியர் குழு அனுப்பப்பட்டது. யார் யாருக்குக் கீழ்ப்பட்டவர் என்ற கேள்வி போர் முழுவதும் இழுபட்டு, 1856 மார்ச்சில் வந்த கட்டளையாலேயே தீர்ந்தது. இராணுவ வைத்தியசாலைகளின் பெண் தாதியர் அனைவருக்கும் அவரே பொது மேற்பார்வையாளர் என்று அது அறிவித்தது. அம்மாத இறுதியில் சமாதான உடன்படிக்கையும் கைச்சாத்தாயிற்று!

இனி மிக முக்கியமான விடயத்துக்கு வருவோம். புளோரன்ஸ் வந்தபின் ஸ்குட்டாரியில் மரணம் குறைந்தது என்று பல குறிப்புப் புத்தகங்கள் எழுதுகின்றன. முதல் குளிர்காலத்தில் நடந்தது அதற்கு நேர்மாறானது. துணி சுத்தமாயிற்று, உணவு சீராயிற்று, தாதியர் இருந்தனர், மரணமோ ஏறியது. 1855 பெப்ரவரியில் அங்கு சிகிச்சை பெற்றோரில் 100க்கு 42 பேருக்கு மேல் இறந்தனர். காயத்தால் இறந்தோர் சிலரே. வாந்திபேதி, வயிற்றுளைவு, காய்ச்சல் என்பனவே கொன்றன. கட்டடத்தின் கீழே கழிவுநீர்க் கால்வாய்கள் அடைத்துக் கிடந்தன. வாட்டுகளில் காற்றோட்டம் இல்லை. நெரிசலோ சொல்லிமுடியாது. 1855 மார்ச்சில் வைத்தியர் ஜோன் சதர்லன்ட், பொறியியலாளர் றொபேட் றோலின்சன் ஆகியோரைக் கொண்ட சுகாதார ஆணைக்குழு வந்திறங்கியது. அவர்கள் கால்வாய்களைக் கழுவி, நீர்வழியைச் சுத்தமாக்கி, சுவர்களுக்குச் சுண்ணாம்படித்து, காற்று வர வழிசெய்தனர். ஜூன் மாதத்தில் மரணம் 100க்கு 2 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

மூன்று பதிவேடுகள்

அன்று இதன் பொருள் முழுமையாக அவருக்குப் புலப்படவில்லை. வீரர்கள் களத்திலே பட்டினியாலும் குளிராலும் நலிந்து, காலங்கடந்து வந்து சேர்கிறார்கள், அதனாலேயே இறக்கிறார்கள் என்று அவர் நம்பினார். உண்மையை அறிய ஒழுங்கான பதிவேடு இருந்திருக்க வேண்டும். ஸ்குட்டாரியிலோ இறந்தோர் பற்றி மூன்று கணக்குகள் இருந்தன. ஒன்று அடக்கம் செய்யப்பட்டோரின் பட்டியல். மற்றது வைத்திய அலுவலரின் அறிக்கை. மூன்றாவது படைமுகாம் அலுவலக அறிக்கை. மூன்றும் மூன்று எண்களைக் கூறின. வைத்தியரின் அறிக்கையில் இடம்பெறாமலே நூற்றுக்கணக்கானோர் மண்ணுக்குள் போயிருந்தனர். எத்தனை பேர் இறந்தனர் என்பதே தெரியாத இடத்தில் ஏன் இறந்தனர் என்று எப்படிக் கேட்பது?

1855 மே மாதம் கிரிமியாவில் கடும் காய்ச்சலால் மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டார். அந்நோயின் பின்விளைவுகள் பல வருடங்கள் அவரைக் கட்டிலில் கிடத்தின. 1856 ஓகஸ்ட்டில் வரவேற்புகளைத் தவிர்ப்பதற்காக மிஸ் ஸ்மித் என்ற பெயரில் பயணம் செய்து அமைதியாக வீடு திரும்பினார். செப்ரெம்பரில் விக்ரோறியா மகாராணியைச் சந்தித்து இராணுவத்தின் சுகாதாரத்தை ஆராய அரச ஆணைக்குழு ஒன்று வேண்டும் என எடுத்துரைத்தார். 1857 மே மாதத்தில் அது நியமிக்கப்பட்டது. தலைவர் சிட்னி ஹேர்பேட். பெண் என்பதால் புளோரன்ஸ் அதில் உறுப்பினராக முடியவில்லை. சாட்சியத்தையும் எழுத்திலேயே கொடுத்தார். ஆனால் ஆணைக்குழுவுக்கு வேண்டிய எண்களையும் கேள்விகளையும் தயாரித்ததில் பெரும்பங்கு அவருடையது.

இங்கேதான் வில்லியம் பார் என்பவர் வருகிறார். இவர் பிறப்பு இறப்புப் பதிவுத் திணைக்களத்தில் பணியாற்றிய புள்ளிவிபரவியலாளர். இருவரும் சேர்ந்து வைத்தியசாலை வைத்தியசாலையாக, மாதம் மாதமாக இறப்புகளை அட்டவணைப்படுத்தினர். களத்துக்கு அண்மையில் கூடாரங்களிலும் குடிசைகளிலும் இருந்த சிறிய வைத்தியசாலைகளைவிட, எல்லா வசதியும் தாதியரும் கொண்ட ஸ்குட்டாரியில் மரண வீதம் மிக அதிகம் என்று அட்டவணை காட்டியது. அது அவருடைய வைத்தியசாலை. அவர் இரவு பகலாகப் பராமரித்த வீரர்கள், கட்டடமே கொல்லும் இடத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். நாடு முழுவதும் அவரைத் தேவதையாகப் போற்றிய நேரத்தில் இந்த முடிவு அவர் மேசையில் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் புகழுக்குப் பழுதில்லை. அவர் அதை எழுதினார். 1858இல் ஏறத்தாழ 850 பக்கங்களில் அவர் தயாரித்த இரகசிய அறிக்கையை அரசாங்கம் வெளியிடவில்லை. ஆகவே சொந்தச் செலவில் அச்சிட்டு, செல்வாக்குள்ளோருக்குத் தாமே அனுப்பிவைத்தார்.

எண்களை நீங்களே பாருங்கள். 1855 ஜனவரியில் கிழக்கே இருந்த பிரித்தானியப் படையின் சராசரிப் பலம் 32,393. அம்மாதம் தடுக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தோர் 2,761. காயங்களால் இறந்தோர் 83. ஏனைய காரணங்களால் 324. மொத்தம் 3,168. அதாவது இறந்த 100 பேரில் 87 பேரை நோயே கொன்றது; எதிரியின் குண்டுக்கு மூவர் கூட இரையாகவில்லை. 2,761ஐ 12ஆல் பெருக்கிப் படைப்பலத்தால் வகுத்தால் வருடத்துக்கு 1,000 பேருக்கு ஏறத்தாழ 1,023 என்ற வீதம் வரும். ஒரு படையில் வருடத்துக்கு 1,000க்கு 1,000க்கு மேல் மரணம் என்றால், அதே வேகம் தொடர்ந்து இடையில் புதியவர் எவரும் வந்து சேராவிடின் வருட முடிவில் ஒருவரும் மிஞ்சமாட்டார். போர் முழுவதிலும் இறந்த பிரித்தானியர் ஏறத்தாழ 21,000 பேரில் ஏறத்தாழ 16,000 பேர் நோயாலேயே இறந்தனர்.

அட்டவணையைப் பார்த்துக் கொட்டாவி விடும் அமைச்சர்கள் அன்றும் இருந்தனர். ஆகவே அவர் வரைபு வரைந்தார். வட்டத்தைச் சுற்றி 12 மாதங்களுக்கு 12 ஆரைச்சிறைகள். ஒவ்வொன்றின் மையக்கோணமும் 30 பாகை. நீளும் குறுகும் ஆரையே மரணத்தைக் காட்டும். நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, ஏனையவற்றுக்குக் கறுப்பு. முதலில் வரைந்த வரைபில் ஆரையின் நீளமே எண்ணுக்கு ஏற்ப இருந்தது. அது கண்ணை ஏமாற்றும். ஆரை இருமடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகிவிடும் அல்லவா? பின்னர் பரப்பளவே எண்ணுக்கு ஏற்ப அமையுமாறு மாற்றினார். எனவே ஆரை, எண்ணின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதசமமாக இருக்கும். வரைபில் நீலம் பரந்து விரிந்து நிற்க, சிவப்பு மையத்தை ஒட்டிச் சிறு ஆப்பாகக் கிடப்பதை வாசிக்கத் தெரியாதவரும் விளங்கிக்கொள்வார். பரீட்சைக்கு ஒரு குறிப்பு: வட்ட வரைபைக் கண்டுபிடித்தவர் நைற்றிங்கேல் என்று எழுதவேண்டாம். வில்லியம் பிளேபெயர் 1801இலேயே வட்ட வரைபை வெளியிட்டுவிட்டார்.

போரில்லாக் காலத்தையும் அவர் விடவில்லை. திடகாத்திரமானவர் என்று தெரிந்தெடுக்கப்பட்ட 20 முதல் 35 வயது வரையான படைவீரர், இங்கிலாந்திலேயே படைமுகாம்களில் இருக்கும்போது, அதே வயதுப் பொதுமக்களைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வீதத்தில் இறந்துகொண்டிருந்தனர். விளைவாகப் படைமுகாம்களின் கட்டடங்கள் திருத்தப்பட்டன. இராணுவ வைத்தியக் கல்லூரி 1860இல் ஆரம்பமாயிற்று. இராணுவத்துக்கெனப் புள்ளிவிபரப் பிரிவும் உருவாயிற்று. 1858இல் இலண்டன் புள்ளிவிபரவியற் சங்கம் அவரை முதலாவது பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

ஒரே படிவம்

இராணுவத்தின் பின் பொது வைத்தியசாலைகள். அங்கும் ஒவ்வொரு வைத்தியசாலையும் தன் விருப்பப்படி கணக்கு வைத்தது. ஒரே நோய்க்கு வெவ்வேறு பெயர். ஒன்றை மற்றையதுடன் ஒப்பிட வழியில்லை. புளோரன்ஸ் எல்லா வைத்தியசாலைகளுக்கும் பொதுவான படிவத்தைத் தயாரித்தார். வருடத் தொடக்கத்தில் இருந்த நோயாளர், புதிதாக அனுமதிக்கப்பட்டோர், குணமடைந்தோர், குணமடையாமல் வெளியேறியோர், சொந்த விருப்பப்படி அல்லது ஒழுங்கீனத்தால் வெளியேறியோர், இறந்தோர், வருட முடிவில் எஞ்சியோர். அத்துடன் தங்கிய சராசரி நாட்கள். இவை வயது, பால், நோய் என்பவற்றின்படி பிரித்துக் காட்டப்பட வேண்டும். நோய்களின் பெயர்ப் பட்டியலுக்கு பாரின் வகைப்படுத்தலைப் பயன்படுத்தினார். 1860இல் இலண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மாநாட்டின் முன் இத்திட்டம் வைக்கப்பட்டது.

இலண்டன் வைத்தியசாலைகள் சில இப்படிவத்தை நிரப்பின, முடிவுகளும் அச்சாயின. ஆனால் வேலையும் செலவும் அதிகம் என்று சில வருடங்களில் கைவிட்டன. தகவல் முறைமையை உருவாக்குவது ஒன்று, அதை நாள்தோறும் நிரப்பும் கைகளைத் தேடுவது இன்னொன்று. இன்று கணினி வந்தபின்பும் அதே முறைப்பாட்டை வாட்டுகளில் கேட்கலாம். எண்ணம் மட்டும் அழியவில்லை. பாரின் அடிப்படையைப் பின்பற்றி 1893இல் பேட்டியோன் என்பவர் இறப்புக் காரணங்களின் சர்வதேசப் பட்டியலை அமைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்களின் சர்வதேச வகைப்படுத்தல் அதிலிருந்து வளர்ந்தது. எமது நாட்டு அரசாங்க வைத்தியசாலைகள் தங்கிச் சிகிச்சை பெற்றோரின் நோய், இறப்பு விபரங்களைச் சுகாதார அமைச்சுக்கு அனுப்பும்போது கையாள்வதும் அந்த வகைப்படுத்தலையே.

1861ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் நோயாளரின் எண்ணிக்கையையும் வீடுகளின் நிலையையும் கேட்கவேண்டும் என்ற அவரது கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தோல்விகளும் அவர் வாழ்வில் பல உண்டு.

தாதியர் கல்லூரி

போர்க்காலத்தில் மக்கள் நன்றியறிதலாகத் திரட்டிய நிதி ஏறத்தாழ 45,000 பவுண். அதைக் கொண்டு 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் நைற்றிங்கேல் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. நோயின் காரணமாக அவர் அங்கு கற்பிக்கவில்லை. மேற்றன் சேறா வாட்றோப்பர் பாடசாலையை நடத்தினார். புளோரன்ஸ் வீட்டிலிருந்தே நெறிப்படுத்தினார். எப்படி? பதிவேட்டால்தான். ஒவ்வொரு பயிலுநருக்கும் மாதாந்தம் ஒரு தாள். நேரந்தவறாமை, நம்பகத்தன்மை, துப்புரவு முதலிய ஒழுக்கத் தலைப்புகள் ஒரு பக்கம். மருந்து கட்டல், படுக்கை அமைத்தல், நோயாளியை அவதானித்தல் முதலிய தொழில்நுட்பத் தலைப்புகள் மறுபக்கம். ஒவ்வொன்றுக்கும் தரமிடவேண்டும். இன்று செயலாற்றுகை மதிப்பீடு என்று நீங்கள் படிப்பது இதுவே.

அதிகாரப் படிநிலையையும் அவர் தெளிவாக்கினார். சிகிச்சையில் தாதி வைத்தியரின் பணிப்புரைக்குக் கட்டுப்பட்டவர். ஒழுக்கம், கடமைப் பகிர்வு, பயிற்சி என்பவற்றில் மேற்றனுக்கே பொறுப்புக் கூறவேண்டும். அந்த மேற்றனும் பயிற்சி பெற்ற தாதியாக இருக்கவேண்டும். ஸ்குட்டாரியில் யாருக்கு யார் என்று தெரியாமல் பட்ட பாடு இதற்குள் இருக்கிறது. இப்பாடசாலையில் பயின்றோர் பல நாடுகளுக்குச் சென்றனர். அக்னஸ் ஜோன்ஸ் 1865இல் லிவர்பூல் ஏழைகள் இல்ல வைத்தியசாலையைப் பொறுப்பேற்று, 1868இல் தைபசுக் காய்ச்சலால் இறந்தார். லூசி ஒஸ்பேன் 1868இல் அவுஸ்திரேலியாவின் சிட்னிக்குத் தலைமைத் தாதியாகச் சென்றார்.

1859 - 1860 காலத்தில் வெளிவந்த தாதியியற் குறிப்புகள் என்னும் நூலில் அவர் முகாமைத்துவத்துக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியுள்ளார். நீங்கள் இருக்கும்போது நடப்பது நீங்கள் இல்லாதபோதும் நடக்குமாறு ஒழுங்கு செய்வதே பொறுப்பேற்றல் என்பது அதன் கருத்து. தான் இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும் என்று பெருமைப்படும் தாதியை அவர் மெச்சவில்லை. ஒழுங்கும் விதிகளும் கணக்கும் பிறர் விளங்கிக்கொள்ளுமாறு எழுத்தில் இருந்தால், ஒருவர் நோயுற்றாலும் வேலை நிற்காது என்று விளக்குகிறார்.

எண்கள் தனக்கு எதிராக வந்தபோது அவர் என்ன செய்தார் என்பதற்கு இன்னுமொரு சம்பவம். நைற்றிங்கேல் நிதியத்தின் உதவியுடன் 1861இல் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் மருத்துவமாதர் பயிற்சிக்கென ஒரு பிரசவ வாட்டு தொடங்கப்பட்டது. சில வருடங்களில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார் இறக்கத் தொடங்கினர். 1867இல் அது மூடப்பட்டது. வேறிடங்களிலும் இவ்வாறா என்று தேடினால், எங்கும் ஒழுங்கான கணக்கு இல்லை. கிடைத்தவற்றைச் சேகரித்து 1871இல் நூலாக வெளியிட்டார். வீட்டிலே, வறுமையிலே பிரசவித்த தாய்மாரைவிட வைத்தியசாலையில் பிரசவித்தவர்களே அதிகம் இறந்தனர் என்பது அதன் முடிவு.

கடல்கடந்த கணக்கு

1859இல் இந்தியாவிலுள்ள படையினரின் சுகாதாரம் பற்றிய அரச ஆணைக்குழு அமைந்தது. புளோரன்ஸ் இந்தியாவுக்கு ஒருபோதும் சென்றதில்லை. ஒவ்வொரு படைத்தளத்துக்கும் வினாக்கொத்து அனுப்பி, குடிநீர், வடிகால், படுக்கை இடவசதி, நோய் என்பவற்றை விசாரித்தார். வந்த பதில்கள் ஓர் அறையையே நிரப்பின. அங்கு பிரித்தானியப் படைவீரரில் வருடந்தோறும் 1,000க்கு 69 பேர் இறந்தனர். 1863இல் அறிக்கை வெளியான பின் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணைக்குழுக்கள் அமைந்தன. 1873 அளவில் அவ்வீதம் 1,000க்கு 18 ஆயிற்று. பின்னாளில் அவரது கவனம் படையினரிலிருந்து இந்தியக் கிராம மக்களின் சுகாதாரத்துக்கும் பஞ்சத்துக்கும் திரும்பியது. 1863இல் குடியேற்ற நாடுகளின் சுதேசப் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் ஏற்படும் மரணங்கள் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதற்கு விபரம் அனுப்பிய நாடுகளில் இலங்கையும் ஒன்று.

அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று எழுதவேண்டாம். நோய் துர்நாற்றமுள்ள காற்றால் பரவுகிறது என்றே நெடுங்காலம் நம்பினார். கிருமிக் கொள்கையை ஏற்கத் தயங்கினார். சுத்தம், காற்றோட்டம், வடிகால் என்ற அவருடைய பரிகாரங்கள் கிருமிக்கும் பொருந்தியது நோயாளரின் நல்லூழ். தாதியரைப் பரீட்சை வைத்து அரச பதிவில் சேர்க்கும் திட்டத்தை 1880களின் இறுதியிலிருந்து எதிர்த்தார். நற்குணத்தைப் பரீட்சைத்தாளில் அளக்க முடியாது என்பது அவரது வாதம். நாடுகள் பின்னர் அவர் எதிர்த்த வழியிலேயே சென்றன. கிரிமியாவில் சேவைசெய்த மற்றொரு பெண்ணையும் அறிந்திருங்கள். ஜமேக்காவைச் சேர்ந்த மேரி சீகோல், இலண்டனில் தாதியாகச் சேர விண்ணப்பித்து ஏற்கப்படாமல், சொந்தப் பணத்தில் சென்று பலக்லாவா அருகே உணவும் மருந்தும் கொடுத்தார்.

இறுதிக் காலத்தில் கண்பார்வை மங்கிப் பின் முற்றாக இழந்தார். 1907இல் பிரித்தானியாவின் ஓடர் ஒவ் மெரிற் விருது முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, அவருக்கு, வழங்கப்பட்டது. 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி இலண்டனில் உறக்கத்திலேயே காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தது. அவரது விருப்பத்தை மதித்து உறவினர் மறுத்தனர். ஹம்ஷயரின் ஈஸ்ட் வெலோ கிராமத்துக் கல்லறையில் அவருக்கெனப் பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த திகதிகளுமே பொறிக்கப்பட்டுள்ளன. அவர் பிறந்த மே 12 சர்வதேச தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

பயிற்சி

1855 ஜனவரி மாதத்துக்கான ஆரைச்சிறையை வரையுங்கள். மையக்கோணம் 30 பாகை. காயத்தால் இறந்த 83 பேருக்கு ஆரை 1 சென்ரிமீற்றர் எனக் கொண்டால், நோயால் இறந்த 2,761 பேருக்கு ஆரை எவ்வளவு? 2,761ஐ 83ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 5.8 சென்ரிமீற்றர் அளவில் விடை வரவேண்டும். ஏனைய காரணங்களுக்கான ஆரையை நீங்களே கணித்து, மூன்றையும் ஒரே மையத்திலிருந்து வரைந்து நிறந்தீட்டிப் பாருங்கள்.